ஒரு கைக்கு மட்டும் அடித்த நிறம்

என் இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரை வெண்புள்ளி. பதினாறு வயதில் தொடங்கி மெல்லப் பரவியது. இப்போது விரல்களில் சொந்த நிறத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தொற்றாது, வலிக்காது. கலியாணப் பேச்சைத் தவிர வேறெதையும் அது கெடுத்ததில்லை.

அதனால்தான் மாப்பிள்ளையாகப் பேசிவந்தவரை முதல் தடவை சந்தித்தபோதே கைகளை மேசைமேல் விரித்து வைத்தேன். "எனக்கு இது ஒண்டுமில்லை," என்றார். கனடாவில் இருக்கும் தாய் தகப்பனுக்கும் சொல்லிவிட வேண்டும், ஒளித்துவைத்துத் தாலி ஏற்க மாட்டேன் என்றேன். நான் போட்ட ஒரே நிபந்தனை அது. அடுத்த வாரமே, "சொல்லிட்டன். அம்மா ஓமெண்டிட்டா," என்றார். பிறகு வீடியோவில் கதைத்தபோதெல்லாம் மாமி என் கைகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. எவ்வளவு நல்ல மனம் என்று நானும் பூரித்துப்போனேன். மடைச்சி.

கலியாணத்துக்கு நாலு நாள் முன்பு, இங்கே சுவிஸில், பாடனில் இருக்கும் அவர் வீட்டில் பொன்னுருக்கு நடந்தது. தாலிக்குப் பொன் உருக்கிய பிறகு பொம்பிளையும் மாப்பிள்ளையும் சந்திக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆகவே கனடாவிலிருந்து வந்திறங்கிய மாமியை நான் நேரில் பார்க்கவில்லை. மறுநாள் மாப்பிள்ளை போன் எடுத்தார். லாங்கன்தாலில் தோலுக்கு நிறம் அடிக்கும் கடையில் வெள்ளிக்கிழமை எனக்கு நேரம் எடுத்திருக்கிறாராம். "படத்துக்குத்தான். கை பிடிச்சுக் குடுக்கேக்க கமெரா கையைத்தானே காட்டும்."

சுருக்கென்றது. படத்துக்குத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனேன்.

வெள்ளைக்காரப் பெண்கள் கலியாணத்துக்கு முன் வெயில் பட்ட நிறம் வாங்கப் போகும் இடம் அது. கடைப்பெண் கெட்டிக்காரி. முழங்கையோடு ஒப்பிட்டுப் பார்த்து நிறம் கலந்து, வலது கைக்குக் குளிரக் குளிர அடித்து முடித்தாள். பதினாறு வயதுக்கு முந்திய என் கை அப்படியே திரும்பி வந்திருந்தது. பொய் சொல்வானேன், ஆசையாகத்தான் இருந்தது.

"ஒரு வாரம் நிற்கும், பயப்படாதீர்கள்," என்றாள் அவள் சுவிஸ் ஜெர்மனில். "உங்கள் மாப்பிள்ளையும் இரண்டு தரம் கேட்டார். அவருடைய பெற்றோர் ஒன்றும் அறியாமலே திரும்பி விமானம் ஏற வேண்டுமாமே."

எனக்கும் தெரியும் என்று நினைத்திருக்கிறாள், பாவம். நான் இடது கையை நீட்டவில்லை.

அப்படியே ரயில் ஏறினேன். ஓல்டனில் மாறி பாடனில் இறங்கினேன். வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது என்று அவர் வீட்டு மணியை அடித்தேன். மாமிதான் கதவைத் திறந்தார்.

"என்ன பிள்ளை, இப்ப நீர் இஞ்ச வரக்கூடாதெல்லோ!"

இரண்டு கைகளையும் நீட்டினேன். ஒன்று மாநிறம், மற்றது வெள்ளை. மாமி பின்வாங்கவில்லை. வெள்ளைக் கையைப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அறையிலிருந்து வந்த மகனிடம், "ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

அந்த நேரத்திலும் நான் மாப்பிள்ளையின் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பயந்துபோனேன் அம்மா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை மணவறையில் இருந்திருப்பேன்.

"இவதான் சொல்ல வேண்டாமெண்டவ," என்றார்.

மாமி என் கையை விட்டுவிட்டார்.