விழாமல் பிடிப்பவர்

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, முழங்கால்களைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, ஒரு வங்கி அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார் அக்கா. அதிகாரியின் கண்களை வி.ஆர். கண்ணாடி மூடியிருக்கிறது. அவரைப் பொறுத்தவரை, வானத்தைத் தொடும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே போட்ட ஒற்றைப் பலகையில் நடந்துகொண்டிருக்கிறார். அக்காவைப் பொறுத்தவரை, வணிக வளாகத்தின் மேல்தளத்தில், ஐஸ்கிரீம் கடைக்கும் கழிப்பறைக்கும் நடுவே, பச்சை ரப்பர் விரிப்பின் மேல் தள்ளாடிக்கொண்டிருக்கிறார். "மெதுவா சார், நான் இருக்கேன்" என்கிறார் அக்கா. அதிகாரி அலறிக்கொண்டு பின்னால் சாய்கிறார். காத்திருந்த கைகள் அக்குளில் தாங்கி நிமிர்த்தி விடுகின்றன.

இதுதான் அவருடைய வேலை. கண்ணாடியை மாட்டிப் படத்தை ஓட விடுவது கடையின் இளம் முதலாளி. விழுகிறவர்களைப் பிடிப்பது அக்கா. வளாகம் முழுக்க அவருக்குப் 'பிடி அக்கா' என்றே பெயர். ஆளைப் பார்த்ததுமே எந்தப் பக்கம் விழுவார் என்று கணித்துவிடுவார். "வாய்ச்சவடால் விடறவங்க பின்னாடி விழுவாங்க. அமைதியா வர்றவங்க பொத்துனு உக்காந்துடுவாங்க. ஜோடியா வர்றவங்க ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவாங்க, அதுல நான் தலையிடறதில்ல."

அவர் பார்க்காத கூத்தில்லை. படத்தில் தெரிந்த சுவரின் ஆணியில் ஒரு பெண்மணி நிதானமாகத் தன் கைப்பையை மாட்டினார். சீப்பும் சாவியும் ரப்பர் விரிப்பெங்கும் சிதறின. இல்லாத மேசையில் சாய்ந்து கதை பேசப் பார்த்தவர்கள் பல பேர். தொழில் கையிலேயே ஊறிவிட்டதால், பேருந்து நிறுத்தத்தில் யாராவது லேசாக அசைந்தாலும் அக்காவின் கைகள் தானாக உயர்ந்துவிடுகின்றன. போன வாரம் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரமாகத் தன் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மதியம் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவி வைத்துவிட்டு, அக்கா தானே கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவார். கடலுக்கடியில் போவார், நிலாவில் நடப்பார். கழற்றியதும் யோசனைகள் கொட்டும். பல் பிடுங்கும்போது மாட்டிவிட்டால் வலி தெரியாது. துணியை வெட்டுவதற்கு முன்பே சட்டையைப் போட்டுப் பார்த்துவிடலாம். கல்யாணம் ஆகப்போகிற பையன்களுக்கு, பத்து வருஷம் கழித்து அவர்கள் கழுவப்போகிற பாத்திரங்களை இப்போதே காட்டிவிடலாம். "வீட்டுச் சண்டைக்கும் ஒண்ணு வரணும் தம்பி. அவங்க கண்ணுல நாம எப்படித் தெரியறோம்னு பாத்துட்டா, பாதிச் சண்டை அங்கேயே தீந்துடும்." முதலாளி கேட்டுக்கொண்டே கண்ணாடிகளைத் துடைப்பார். எதையும் மறுக்கமாட்டார், எதையும் செய்யவும் மாட்டார்.

இவ்வளவு யோசனை உள்ள அக்காவுக்கு வீட்டு விஷயத்தில் மட்டும் ஒன்றும் ஓடவில்லை. அவருடைய கணவர் எலெக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டவர். எலும்பு கூடிவிட்டது, இனி நடக்கலாம் என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். வீடு இருப்பது இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. மனிதர் சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு முதல் படி வரை வருவார், கைப்பிடியைப் பிடித்துக் கீழே பார்ப்பார், "வெயில் ஜாஸ்தியா இருக்கு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று திரும்பிவிடுவார். மழை பெய்தபோதும் அதையேதான் சொன்னார். இப்படியே கட்டிலோடு முடங்கிப்போவாரோ என்று அக்காவுக்குக் கவலை. ஊரையே பிடிக்கிறவருக்கு வீட்டுக்காரரைப் பிடிக்க வழியில்லை. விழுவதற்காவது அவர் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டுமே!

ஒரு மதியம், நிலாவிலிருந்து இறங்கிய கையோடு அக்காவுக்குப் பொறி தட்டியது. விற்பனைக்கு வரும் வீடுகளை நாலாபுறமும் படமெடுக்க முதலாளியிடம் ஓர் உருண்டைக் கேமரா உண்டு. அதை இரவல் வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, தன் வீட்டு வாசலிலிருந்து தெருவரைக்கும் ஒவ்வொரு படியாக, கணவர் இறங்கினால் எப்படி இறங்குவாரோ அந்த வேகத்தில் இறங்கினார். எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஏதென்று விசாரிக்க, சினிமாவில் சேர்ந்துவிட்டதாகச் சொல்லிவைத்தார். முதலாளி அந்தப் படத்தை ஒரு பழைய கண்ணாடியில் ஏற்றிக் கொடுத்தார்.

முதல் நாள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு படி இறங்கியதும் கணவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். மறுநாள் முதல் மாடி வரை போனார். நாற்காலியின் கைகளைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துப்போயின. அவர் உட்கார்ந்துதான் இருந்தார் என்றாலும் அக்கா பின்னால் கைகளை நீட்டிக்கொண்டே நின்றார். மூன்றாம் நாள் மாலை, படத்தில் கடைசித் திருப்பம் வந்ததும் கணவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"இங்க லைட் எரியலையே?"

"அது எரியாம எத்தனையோ நாளாச்சு."

"யாரும் மாத்தலையா?"

"மாத்தறவர் இங்க உக்காந்திருக்காரே" என்றார் அக்கா.

அவர் படத்தை மறுபடி ஓடவிட்டு அந்த இடத்தையே அண்ணாந்து பார்த்தார். பல்பு மட்டுமில்லை, ஹோல்டரும் கழன்று ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. யாராவது கை வைத்தால் என்ன ஆவது என்று அவருக்கு முகம் சிவந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவரும் புது பல்பும் எங்கே என்று அதட்டினார்.

படிக்கட்டு ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. சுவரைத் தடவித் தடவி, அந்த ஒயரிங்கைச் செய்தவனின் பரம்பரையையே படிக்கு ஒருவராகத் திட்டியபடி அவர் இறங்கினார். பயப்பட நேரமில்லாத அளவுக்குக் கோபம். அக்கா ஒரு படி கீழே, பின்பக்கமாக இறங்கினார். நீட்டிய கைகளை ஒரு நொடிகூட மடக்கவில்லை.

கடைசித் திருப்பத்தில் அவர் நின்றார். "கீழ போய் சுவிட்சை அணை."

"நீங்க தனியாவா?"

"நான் எங்க ஓடிடப் போறேன்? போ."

அக்கா மனசில்லாமல் போனார். அணைத்துவிட்டு, கீழே நின்று மேலே ஸ்க்ரூ முறுக்கும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். "இப்பப் போடு" என்று குரல் வந்தது. போட்டார். படிக்கட்டில் வெளிச்சம் விழுந்தது. அந்த வெளிச்சத்தில், சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே, சுவரைத் தொடாமல் கணவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். அக்காவின் கைகள் தானாக உயர்ந்தன. பாதியில் அவற்றை இறக்கி, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை மற்றொன்றால் இறுகப் பிடித்துக்கொண்டார்.