இவரை நானே குளிப்பாட்டினேன்

சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் ஸலாம். அல்லாஹ் எனக்குச் செய்த ஓர் உதவியைச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக மனதில் இருந்தது.

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு என் கணவருக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. ரத்தினபுரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். எஹலியகொடைக்குத் திரும்பும் பஸ்ஸில் வழி முழுக்க அழுதேன். நோயாளியான இவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் தயாராகத் தொடங்கிவிட்டார். விட்டுப்போன தொழுகைகளை உட்கார்ந்தபடியே கழாவாகத் தொழுது முடித்தார். தன்னைப் பொதிந்து அடக்குவதற்கான கஃபன் துணியை வாங்கி வைக்கச் சொன்னார். எங்கள் தேநீர்க்கடைக்கு வந்துபோன எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். றப்பர் தோட்டத்திலிருந்து பார்க்க வந்த முருகையாவிடமும் கேட்டார்.

"நீங்க எப்ப மொதலாளி என்னைய ஏசினீங்க? வேணும்னா அந்தத் தண்ணி டீக்கு மன்னிப்புக் கேளுங்க," என்றார் முருகையா.

இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முருகையா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று அஸர் தொழுத பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"ராஹிலா, எனக்கு ஒரு ஆச ஈக்கி. நான் மௌத்தானா நீதான் என்னக் குளிப்பாட்டணும்."

சின்ன வயதில் உம்மா இறந்து கிடந்த மையித்தைப் பார்த்து மயங்கி விழுந்தவள் நான். அதற்குப் பிறகு எந்த ஜனாஸா வீட்டுக்குள்ளும் போனதில்லை. வாசலிலேயே நின்றுவிடுவேன். செருப்புக்குக் காவல் என்று இவரே கேலி செய்வார்.

"எனக்கு ஏலாதுங்க," என்றேன்.

"வேற ஆக்கள் தொட்டா எனக்கு வெக்கம், புள்ள."

மறுக்க மனம் வரவில்லை. ஊரில் பெண்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிமாவிடம் போய் முறையைக் கேட்டு வந்தேன். கட்டிலில் தலையணையை வைத்துப் பழகுவேன். இவர் நாற்காலியில் இருந்து பார்ப்பார். "மெல்ல, மெல்ல. எனக்கு நோகும்!" என்பார். சிரிப்பேன். ஆனால் தலையணையைத் தொடும்போதே கை நடுங்கும்.

தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு ஸுஜூதிலும் ஒன்றைத்தான் கேட்டேன். யா அல்லாஹ், இவரை எடுக்கும் முன் என் பயத்தை எடுத்துவிடு. பயம் போகவில்லை. கேட்பதையும் நான் விடவில்லை.

ஒரு நாள் மதியம், லுஹர் நேரம், நல்ல மழை. நான் கலிமா சொல்ல, இவரும் கூடவே சொன்னார். அப்படியே மூச்சு அடங்கியது.

கூடியிருந்த பெண்கள், "நீங்க இரிங்க, பள்ளிவாசலால ஆக்கள் வருவாங்க," என்றார்கள்.

"நான் குளிப்பாட்டுறன்," என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் மகன் தண்ணீர் ஊற்றினான். பிஸ்மில்லாஹ் சொல்லி இவரது வலது கையைத் தூக்கினேன். இத்தனை வருடம் எனக்குத் தெரிந்த அதே கை. என் கை நடுங்கவே இல்லை. தாடியை வாரிவிட்டேன். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலந்தேன். முடியும் வரை அழுகைகூட வரவில்லை. கேட்ட தைரியத்தை, தேவைப்பட்ட அந்த நிமிடத்தில் அல்லாஹ் தந்தான்.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா காலம் முடிந்த பிறகு, எங்கள் பக்கத்தில் ஒரு பெண் மௌத்தானால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நேரே உள்ளே போகிறேன்.

மௌத்துக்குத் தயாராகும் வீடு இருண்டு கிடக்கும் என்று நினைத்திருந்தேன். நாங்கள் இருவரும் அதிகம் பேசியதும் சிரித்ததும் அந்த மாதங்களில்தான். சகோதரிகளே, உங்களால் ஏலாதது எதுவோ, அதை அப்படியே அவனிடம் சொல்லுங்கள். உடனே கிடைக்கவில்லை என்று கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். அல்ஹம்துலில்லாஹ், எனக்குத் தந்தவன் உங்களுக்கும் தருவான்.