கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட சத்தம்

எங்கள் தையல் கூடத்தில் அவளுக்குக் 'காலர்' என்று பெயர். சட்டைக்குக் காலர் வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மிஷின் நின்றாலும் இவள் வாய் நிற்காது என்று சூப்பர்வைசரே கிண்டல் செய்வார். செத்துப்போன அக்காவின் மகளைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவள். அந்தப் பெண்ணுக்கு ஆஸ்துமா. அதனால் பஞ்சுத் தூசி படிந்த துணியை இங்கேயே மாற்றிக்கொண்டுதான் காலர் வீட்டுக்குக் கிளம்புவாள்.

பெண்ணுக்குப் பதினைந்து வயதானதும் வீட்டில் தினம் சண்டை.

"மருந்து போட்டியா, மருந்து போட்டியான்னு உயிர வாங்காத சித்தி. நான் என்ன பச்சக் குழந்தையா?"

டாக்டரம்மாதான் சமரசம் செய்துவைத்தார். அந்த மருந்து, மூச்சுத் திணறல் வராமலிருக்கத் தினமும் வாயால் இழுக்க வேண்டிய இன்ஹேலர். தீருவதற்குள் புதிது வாங்கி வைப்பது சித்தி வேலை, தவறாமல் இழுப்பது அவள் வேலை. இழுத்தாயா என்று சித்தி கேட்கவே கூடாது.

காலர் கேட்கவில்லை. ஓட்டை வாய்க்காரி எப்படி அடக்கினாள் என்று எனக்கே ஆச்சரியம். மருந்து இழுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டுமென்பதால் பெண் குளியலறைக்குள் போய்விடுவாள். இவள் துணி மடிக்கிற சாக்கில் கதவருகே நிற்பாள். உள்ளே 'புஸ், புஸ்' என்று கேட்ட பிறகுதான் அடுப்படிக்குப் போவாள்.

"தானா போட்டுக்கறாக்கா. பொறுப்பு வந்துடுச்சு," என்று என்னிடம் பூரித்துப்போவாள். இன்ஹேலரும் தீர வேண்டிய நாளில் தீர்ந்தது. அப்புறம் சந்தேகம் எப்படி வரும்?

ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். நானும் கூடவே ஓடினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தப் பெண் குனிந்து உட்கார்ந்து மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள். உதடெல்லாம் நீலம்.

"தினமும் மருந்து போடுறாளா?" என்றார் டாக்டர்.

"ஒரு நாள் விட்டதில்ல. என் காதால கேட்டிருக்கேன்."

பெண் மாஸ்கை விலக்கினாள்.

"காத்துல... அடிச்சேன் சித்தி. அத இழுத்தா... தொண்ட கட்டுது. ஸ்கூல் பாட்டுக் குழுவுல... சேத்துக்கல. நீ வெளிய நிப்பேன்னு... தெரியும்."

"அடிப்பாவி! என்ன முட்டாளாக்கிட்டியேடி!"

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் எங்களை வெளியே அனுப்பிவிட்டார். பொழுது சாய்வதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள்.

'வளர்த்தவள் கவனித்திருக்க வேண்டாமா?' என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்டால் நச்சரிப்பு, கேட்காவிட்டால் அலட்சியம். அவள் என்னதான் செய்வாள்? வேலைக்குத் திரும்பி வந்தவளிடம் இதையே சொல்லித் தேற்றப் பார்த்தேன்.

"அது இல்லக்கா," என்றாள், மிஷினிலிருந்து கண்ணை எடுக்காமல். "எப்பவும் முதல்ல கத்துவேன். அப்புறம் நானே போய்ச் சமாதானம் பண்ணுவேன். அவளுக்கும் அது தெரியும். இந்தத் தடவ கத்துனதோட நின்னுபோச்சு."