நானூறு மில்லிமீட்டரில் தெரிந்தவர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், லென்ஸில் தூசி விழுந்திருக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவன் நான். எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் நேரம், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எல்லாவற்றையும் டைரியில் எழுதிவைப்பேன். அதில் ஒரு நாளின் பக்கத்தைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நம்புவது உங்கள் விருப்பம்.

அன்று ஞாயிறு. செங்கல்பட்டிலிருந்து பைக்கில் கிளம்பி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் காலை ஐந்தே முக்காலுக்கு ட்ரைபாடை ஊன்றினேன். புதிதாக வாங்கிய நானூறு மில்லிமீட்டர் லென்ஸைச் சோதித்துப் பார்க்கும் ஆசை. மேகமூட்டம், வெளிச்சம் போதவில்லை. கரையில் கூட்டம். முந்தின நாள் மதியம் தனியாகக் கடலுக்குப் போன ஏழுமலை திரும்பவில்லை என்றார்கள். அவருடைய அண்ணன் தேசிங்கு, தேடப் போவதற்காகப் படகைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

ஏழுமலையின் மனைவி செல்வி நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணாத்த, இந்தப் பெரிய கேமராவுல தூரத்துல கீறது தெரியுமா? கொஞ்சம் பாத்து சொல்லேன்."

வெறும் கண்ணுக்கு அலையைத் தவிர ஒன்றுமில்லை. கேமராவுக்குள் பார்த்தால், நேர் கிழக்கே ஒரு படகு, அதில் நின்றபடி ஓர் ஆள். அடுத்தடுத்து ஒன்பது படங்கள் எடுத்து, திரையில் பெரிதாக்கிக் காட்டினேன்.

"ஐயோ, அவருதான்! மஞ்சா பனியன். மாமா, இங்க வா, நின்னுகினு கீறாரு பாரு!"

தேசிங்கு திரையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். "தண்ணி தெக்கால இழுக்குது. இவன் எப்புடி கெயக்க கீறான்? எனக்கு ஒண்ணும் தெர்லயே."

"கண்ணு அவிஞ்சா பூட்ச்சி உனக்கு? அதான் போட்டோவுலயே கீறாருல்ல!"

தேசிங்கு என்னிடம் திரும்பினார். "சார், நல்லா தெரியுதா?"

"தெரியுதுங்க" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் தெற்கே போகவேண்டிய படகு கிழக்கே போனது.

இரண்டு மணி நேரம் தேடினார்கள். ஒன்றுமில்லை. அதன் பிறகுதான் தெற்கே போனார்கள். செய்யூர் பக்கம் படகு கவிழ்ந்து மிதந்தது. ஏழுமலை அதன் கயிற்றைக் கையில் சுற்றியபடி கிடந்தார். மஞ்சள் பனியன். உயிர் ராத்திரியே போயிருக்கலாம், விடிந்த பிறகும் போயிருக்கலாம் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

நான் பார்த்தது வேறு யாரோ என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள, வீட்டில் படங்களைக் கணினியில் திறந்தேன். முகம் தெளிவாக இருந்தது. அந்த வெளிச்சத்தில், அந்தத் தூரத்தில், என் லென்ஸுக்கு அவ்வளவு தெளிவு வராது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். செல்வி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நீ போட்டோ எடுக்கசொல்ல உசுரோடதான அண்ணாத்த இருந்தாரு?"

ஆம் என்றால், வீணான அந்த இரண்டு மணி நேரம் என் தலையில். இல்லை என்றால், நான் அவருக்குக் காட்டியது எதை? எழுந்து வந்துவிட்டேன்.

ஒன்றை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. லென்ஸ் எவ்வளவு தூரத்தில் ஃபோகஸ் செய்தது என்பதையும் என் கேமரா ஒவ்வொரு படத்தோடும் பதிந்துவைக்கும். ஒன்பதிலும் படகும் ஆளும் அதே சிறிய அளவுதான். ஆனால் பதிவான தூரம் முதல் படத்தில் எண்பது மீட்டர், ஐந்தாவதில் பதினொன்று, ஒன்பதாவதில் ஒன்றரை. எனக்கு முன்னால் ஒன்றரை மீட்டரில் அன்று ஈர மணல் மட்டுமே இருந்தது. பத்தாவதை எடுக்க விரலை வைத்தபோதுதான், காட்டு காட்டு என்று செல்வி என் கையைப் பிடித்து இழுத்தார்.