வெல்கோவின் தொப்பியும் வாசல் நாரையும்

மார்ச் முதல் நாள் காலையில் வெல்கோ தொப்பி போட்டுக்கொள்வதைப் பார்க்க வேண்டும். முதலில் சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய, வசந்தத்தை வரவேற்கக் கட்டும் மார்த்தெனிட்சா நூலை இடது மணிக்கட்டில் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் இழுத்து முடிச்சிடுவார். பிறகு தொப்பியின் முன்விளிம்பைப் புருவம்வரை இறக்குவார். வாசலில் நின்று எதிரே பார்ப்பார். வேலியின் நுனி தெரிந்தால் இன்னும் ஒரு விரற்கடை இறக்குவார். தன் காலணியும் அதற்கு முன்னால் கொஞ்சம் சேறும் மட்டுமே தெரிகிறது என்று உறுதியான பிறகுதான் தெருவில் இறங்குவார். அன்றுமுதல் நாரை வந்து சேரும்வரை எங்கள் ஊரில் அவர் முகத்தைப் பார்த்தவர் கிடையாது. மூக்கைப் பார்த்தவர்கள் உண்டு.

ஆண்டின் முதல் நாரையைப் பறக்கக் கண்டவர் அந்த ஆண்டு பயணம் போவார், நிற்கக் கண்டவர் வீட்டோடு கிடப்பார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. கண்டபின் கைநூலை அவிழ்த்துப் பூத்த மரத்தில் கட்டிவிடலாம். மற்றவர்கள் இதைப் பாதி நம்பி, பாதி சிரித்து, வானத்தைப் பார்த்தபடி திரிவார்கள். வெல்கோவுக்கு மட்டும் அது தீர்ப்பு நாள். அவர் மனைவி டோன்கா இத்தாலியில், போலோன்யா நகரத்தில், படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவியைக் கவனித்துக்கொள்கிறாள். போக முடிவான நாளிலிருந்தே, "வீட்டப் பூட்டிட்டு நீயும் வந்துடு" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"நாரை பறக்கறத மொதல்ல பாத்தா வர்றேன். நின்னா நானும் நின்னுக்கறேன்" என்று வெல்கோ அன்றே வாக்குக் கொடுத்திருந்தார்.

தாராளமாகக் கொடுத்த வாக்கு. நாரைக்கூடு அவர் வாசலுக்கு நேர் எதிரே, மின்கம்பத்தின் தலையில் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் பறவை வந்திறங்கி அலகைக் கடகடவென்று தட்டும். சத்தம் கேட்டதும் வெல்கோ வெளியே வந்து தொப்பியைத் தூக்குவார். போனை எடுப்பார்.

"நிக்குது டோன்கா. அதுவும் ஒத்தக் கால்ல. நான் என்ன பண்ணட்டும்?"

நாரையின் விஷயத்தில் பொய் சொல்வது பாவம் என்பதில் அவர் கண்டிப்பானவர். தொப்பியை இறக்கிக்கொள்வது பாவத்தில் சேராது, குளிருக்கு நல்லது.

இதில் யாரும் எதிர்பாராத லாபம் ஒன்று இருந்தது. ஊரெல்லாம் அண்ணாந்து பார்க்கும் மாதத்தில் குனிந்து நடப்பவர் அவர் ஒருவர்தான் என்பதால், வசந்தத்தின் முழுப் பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்தது. வேலியடியில் பனியைக் கிழித்து வரும் வெள்ளைப் பூவை முதலில் பார்ப்பவர் அவர். அகழெலி இரவில் கிளப்பிய கரிய மண், ஓடைக்கரைக் காஞ்சொறியின் இளங்கொழுந்து, காய்ந்த இலைக்கடியில் திருடியதை மறைப்பதுபோல் ஒளிந்திருக்கும் ஊதாப்பூ, எல்லாம் அவர் கண்ணில்தான் படும். ஆட்களைக் காலணியை வைத்தே அடையாளம் கண்டு பதில் சொல்வார்.

"அண்ணே, சூப்புக்குக் காஞ்சொறி முளைச்சாச்சா?"

"பாலத்துக்குக் கீழ பறி. அப்பறம் ஆசென், உன் இடது செருப்பு வாயத் தொறந்திருக்கு பாரு."

ஆசென் எங்கள் ஊர் மதுக்கடைக்காரர். அவர் கடையும் நான் வேலை பார்க்கும் வாசகசாலையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. வாசகர்களையும் அவரே வைத்துக்கொள்கிறார். அதனால் அந்த மார்ச்சில் நடந்ததை நான் காபி குடித்தபடியே முழுதாகக் கேட்க முடிந்தது.

மழை விட்ட ஒரு காலை. வெல்கோ ஓடைக்கரையில் காஞ்சொறி கிள்ளிக்கொண்டிருந்தார். வழக்கம்போல் மண்ணைப் பார்த்துக்கொண்டு. அங்கே வண்டித் தடத்தில் மழைநீர் தேங்கிக் கிடந்தது. அந்த நீரில், முனை கறுத்த இரண்டு வெள்ளை இறக்கைகள், அவசரமே இல்லாமல், மேகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போயின. வெல்கோ கூடையை நழுவவிட்டார். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மின்கா மேலே நாரையையும் பார்த்தாள், கீழே அவர் வாயையும் பார்த்தாள். மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

கடையில் வழக்கு நடந்தது.

"தண்ணியில பாத்தா தலைகீழாத்தான் தெரியும்" என்றார் ஆசென். "அப்ப அர்த்தமும் தலைகீழ். இவர் போகல, டோன்கா வர்றா."

"பறந்துச்சு. நானே பாத்தேன்" என்றாள் மின்கா.

"நீ பாத்தா நீ போ."

"எனக்கு ஆடு இருக்கு. அவருக்குப் பொண்டாட்டிதான இருக்கு."

"சரி, தண்ணிக்குள்ள போற நாரை பறக்கவும் இல்ல, நிக்கவும் இல்ல. நீந்துது. அதுக்கு நம்ம ஊர்ல சட்டம் கிடையாது."

"நீந்தினா கப்பல்னு அர்த்தம். இத்தாலிக்குக் கப்பலும் போகுதாம்."

வெல்கோ தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இனி அது எதற்கு. வெயில் படாத நெற்றி அவித்த முட்டைபோல் வெளுத்திருந்தது.

"விடுங்கப்பா. பறந்துச்சு. பாத்துட்டேன். போறேன்."

நான் அவருக்குப் பக்கத்து வீடு; அன்று பிற்பகல் முழுக்க வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். மிளகாய்த் துவையல் பாட்டில்களைக் காலுறைக்குள் நுழைத்துப் பெட்டியில் அடுக்கினார். ரோஜா கவாத்துக் கத்திரியையும் வைத்தார், இத்தாலிக்காரனின் கத்திரியை எப்படி நம்புவது. கோழிகளை மின்காவிடம் ஒப்படைத்தார். பிறகு தோட்டத்துக்குள் போய், பூண்டு வரிசையருகே குந்தி, மண்ணுக்குமேல் சிவந்த மூக்கை நீட்டியிருந்த பியோனிப் பூச்செடியின் முளைகளை ஒவ்வொன்றாய்த் தொட்டார். வழியனுப்ப வந்தவர்களிடம் கைகொடுப்பது போல இருந்தது. பிளம் மரத்தில் மொட்டுகள் வெடிக்க இன்னும் ஒரு வெயில் போதும். அந்த வெயிலைப் பார்க்க அவர் இருக்கமாட்டார் என்று நினைத்து, அன்று எனக்கே சோறு இறங்கவில்லை.

மாலையில் கடைக்கு வந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்குச் சாட்சி வேண்டுமாம். போனில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியை ஏற்றி வைத்தார்.

"டோன்கா, இந்த வருஷம் பறந்துச்சு. பெட்டி கட்டிட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ கரண்டி கிண்ணத்தில் விழுந்தது.

"எங்க பாத்தே?"

"ஓடைக்கிட்ட. தண்ணியில."

"தண்ணியிலயா? தலைய நிமித்திப் பாத்தியா?"

"இல்ல. ஆனா மின்கா பாத்தா."

"மின்கா பாத்தது மின்காவுக்கு. நீ பாத்தது தண்ணி. அது கணக்குல சேராது வெல்கோ. வீட்டுக்குப் போ. கம்பத்துல வந்து உக்காரும், அதப் பாரு. அதுவரைக்கும் கண்ணத் தூக்காத, கேட்டியா?"

போன் வைக்கப்பட்டது. ஆசென் யாரும் கேட்காமலே ஒரு கோப்பை ராக்கியா ஊற்றி வெல்கோவின் முன்னால் தள்ளினார். வெல்கோ தொப்பியை எடுத்துப் புருவம்வரை இறக்கிக்கொண்டார்.

சில நாளில் நாரை கம்பத்தில் வந்திறங்கி அலகைத் தட்டியது. வெல்கோ வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தார். நின்றது. நூலை அவிழ்த்து, அதற்குள் வெள்ளையாய் வெடித்திருந்த பிளம் கிளையில் கட்டினார். கோழிகள் திரும்பி வந்தன. எல்லாம் அவர் விரும்பியபடியே முடிந்துவிட்டது. ஆனாலும் வேலியருகே என்னைப் பார்த்தபோது சொன்னார்: "எல்லாம் சரி தம்பி. இருந்தாலும் ஒரு வார்த்தை, 'பரவால்ல, வா'ன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அந்தக் கோடையில் கம்பி பழுதுபார்க்க வந்த மின்வாரியத்து ஆள் வாசகசாலையில் தண்ணீர் கேட்டு உட்கார்ந்தார். சன்னல் வழியாக நாரைக்கூட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"அந்தக் கூட்டைத் தாங்கற இரும்பு வளையம் நான் மாட்டினதுதான். சர்ச் பக்கத்துக் கம்பத்துக்குன்னு கொண்டு வந்தோம். இந்தக் கம்பத்துக்கு எதிர்வீட்டம்மா விடல. சுடச்சுட பாலாடைக்கட்டி வச்ச பானிட்சா சுட்டுக் குடுத்து, எங்க வாசல்லதான் மாட்டணும்னு ஏணியப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டாங்க. அடுத்த வாரம் இத்தாலி பஸ்ஸாம், அதுக்குள்ள முடிச்சுக் குடுங்கன்னு அவசரம் வேற."