கேள்விப்பட்டேன் என்று சொன்னேன்

மயிலாப்பூரில் எங்கள் கிறிஸ்தவக் கோயிலின் பாடகர் குழுவில் இருந்தேன். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதபாடமும் நடத்தினேன். தமிழில் டாக்கி, அதாவது பேசும் படம், வரத் தொடங்கியிருந்த காலம். டாக்கி கொட்டகையில் கால் வைப்பவன் சாத்தானின் முற்றத்தில் கால் வைக்கிறான் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அப்படிச் சொன்னவன்தான் ஒரு புதன்கிழமை, ஆபீசுக்கு ஜுரம் என்று எழுதி அனுப்பிவிட்டு, லஸ்ஸில் டிராம் ஏறி மவுண்ட் ரோட்டில் பகல் ஆட்டத்துக்குப் போனேன்.

படத்தில் ராஜகுமாரி தோழிகளோடு நந்தவனத்தில் பூப்பறித்துக்கொண்டே பாடுகிறாள். மூன்றாவதாக நின்ற தோழியைப் பார்த்ததும் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தேன். எங்கள் குழுவில் முதற்குரல் பாடும் அக்கா! மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியை, கணவரை இழந்தவர். நெற்றியில் பெரிய பொட்டு, கையில் பூக்கூடை. நாலு வரி அவர் தனியாகப் பாடினார். கோயிலில் நான் கேட்டிராத ஒரு சந்தோஷம் அந்தக் குரலில் இருந்தது. ஆனால் எனக்கு முதலில் தோன்றியது, அவர் என்னைப் பார்த்துவிட்டாரோ என்பதுதான். திரையிலிருந்து யாரும் நம்மைப் பார்க்க முடியாது என்று உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

அதோடு விட்டிருக்கலாம். அந்த வாரம் பாட்டுப் பயிற்சியில் அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் பொய் ஜுரம் நினைவுக்கு வந்தது. அந்த முகம் எதிரில் இல்லாவிட்டால் போதும் என்று இருந்தது. அதற்குக் கடமை என்று பெயர் வைத்துக்கொண்டு போதகரிடம் போனேன். அவரை ஐயர் என்றுதான் நாங்கள் அழைப்போம்.

“அக்கா டாக்கியில நடிச்சிருக்காங்கன்னு கேள்விப்பட்டேங்கய்யா.”

ஏதேனில் ஒளிந்துகொண்ட ஆதாமைப் பார்த்து, நீ நிர்வாணமாக இருப்பதை உனக்கு யார் சொன்னது என்று கடவுள் கேட்கிறார். அந்தக் கேள்வியைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ‘யார் சொன்னது’ என்று ஐயர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே அகப்பட்டிருப்பேன்.

சபைக் கமிட்டி கூடி அக்காவை வரவழைத்தது. குறிப்பு எழுதுவது என் வேலை.

“நடிச்சது உண்மையாம்மா?” என்றார் ஐயர்.

“உண்மைங்கய்யா. அடையாத்துப் பக்கம் ஸ்டூடியோ. ரெண்டு நாள் போனேன்.”

கமிட்டியின் மூத்தவர் குறுக்கிட்டார். “பொட்டு வச்சீங்களா?”

“அவங்க வச்சாங்க. வேஷந்தானே. வெளியே வந்ததும் அழிச்சிட்டேன்.”

“எதுக்காகப் போனீங்க?”

“பாட ஆசையா இருந்துச்சு.”

அக்காவே தொடர்ந்து பேசினார்.

“நான் இன்னும் படத்தைப் பாக்கலைங்கய்யா. பாத்தவங்க யாரோதானே வந்து சொல்லியிருப்பாங்க? என் குரல் தெளிவாக் கேக்குதா, நல்லா இருந்துச்சான்னு மட்டும் அவங்ககிட்டக் கேட்டுச் சொல்லுங்க.”

அதற்கு விடை தெரிந்தவன் நான் ஒருவன்தான். பேனாவை மையில் தோய்த்து, ‘மறுக்கவில்லை’ என்று எழுதினேன்.

ஆறு மாதம் பாடக் கூடாது என்று முடிவாயிற்று. அக்கா ஞாயிறு தவறாமல் வந்தார். பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சபை முழுவதும் எழுந்து பாடும்போது பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். நான் பாடுவதுபோல் வாயசைத்துக்கொண்டு நின்றேன். பிறகு சில வாரங்கள் அவர் வரவில்லை. அதற்கு மேல் தாங்காமல் ஐயரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

“என்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? அவங்ககிட்டப் போங்க.”

போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

“டீச்சரம்மாவா? காலி பண்ணிக்கினு போய்ட்டாங்களே. அண்ணங்காரரு கோலார்ல கீறாராம். இன்னா, எதுனா சேதியா?”

பள்ளிக்கூடத்தில் விலாசம் கேட்டு வாங்கிக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மறு மாதம் ஐயரின் அனுமதியோடு ஆராதனை முடிவில் எழுந்து, படம் பார்த்தவன் நான், கேள்விப்பட்டதாகப் பொய் சொன்னவனும் நான் என்று சபைக்கு முன்னால் சொன்னேன். சபை எனக்குத் தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. ஞாயிறு பள்ளியிலிருந்து நானாகவே விலகிக்கொண்டேன்.

அன்று எல்லாரும் கலைந்த பிறகு, கமிட்டியின் மூத்தவர் வாதாமரத்தடியில் என் தோளைத் தொட்டார். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, “தம்பி, படம் எப்படி இருந்துச்சு? கதை என்ன?” என்றார்.

நானும் சொன்னேன். ராஜகுமாரிக்குக் கல்யாணம் ஆகும்வரை சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார். அக்காவைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை.