தெரிந்த கமராக்கள்

நான் ரெனானில் ஏறி லோசான் போகும் காலை பஸ்ஸில் அவர் என் பக்கத்து இருக்கைக்காரர். கழுத்துவரை பூட்டிய ஜாக்கெட், சவரம் செய்யாத கன்னம். பஸ் வேகமெடுத்தால் அவருடைய வலது கால் தன்பாட்டில் தரையை அழுத்தும், பிரேக் போடுவதுபோல.

ஒருநாள் கேட்டார்.

"தங்கச்சி, கார் வேகமாய் ஓடினதுக்கு எனக்குத் தண்டம் வந்திருக்கு. லோயரைப் பிடிக்கச் சொல்லி மகள் ஒரே கரைச்சல். பிடிக்கவோ?"

நெஞ்சுவலி வந்த மனைவியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன அன்று பிடிபட்டிருக்கிறார். மனைவி பிழைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கிழமை கடிதம் வந்ததாம்.

"பிடியுங்கோ அண்ணை. உயிராபத்து எண்டால் கோர்ட்டுக்கு விளங்கும்."

"ஓம், மகள் கேட்டுப் பார்த்த லோயரும் அதைத்தான் சொல்லுறார். மனிசிக்காக எல்லாத்தையும் மறந்து ஓடினன் எண்டு எழுதுவாராம்." யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னைப் பிடிச்சது றோட்டில புதுசாப் பூட்டின வேகக் கமரா. அதுக்கு முதல் எனக்குத் தெரிஞ்ச கமரா ரெண்டு இருந்தது. ரெண்டிலயும் பிரேக் போட்டனான். லைசென்ஸ் போனால் வேலை போயிடும் எண்டு பயந்து பழகின கால். அவள் கடைசியாக் கேட்டது, ஏனப்பா மெல்லப் போறியள் எண்டுதான். எல்லாத்தையும் மறந்து ஓடினன் எண்டு நான் கையெழுத்து வைக்கவோ?"

சில வினாடிகள்தானே அண்ணை என்று சொல்ல வாயெடுத்தேன்.

பஸ் இறக்கத்தில் வேகமெடுத்தது. அவருடைய கால் அசைந்தது. இரண்டு கைகளாலும் முழங்காலை இறுக்கிப் பிடித்து, தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டார்.